முடக்குவாதம் உள்ள வீட்டில் விற்றமின் டியை எப்படிக் கவனிப்பது

திருகோணமலையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. கச்சான் வீசும் மாதங்களில் உவர்மலைப் பக்கம் பத்து மணிக்குமேல் குடையில்லாமல் நடப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த என் அம்மாவின் இரத்தத்தில் விற்றமின் டி ஒரு மில்லிலீற்றருக்கு 11 நனோகிராம் மட்டுமே இருந்தது. அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, கை வலியும் வீக்கமும் விற்றமின் குறைபாட்டால் வந்தவை என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். நாங்களும் நம்பி எட்டு மாதம் குளிசை கொடுத்தோம். குறைபாடு தீர்ந்தது, எண் 34 ஆக ஏறியது. ஆனால் அம்மாவால் திருவலையில் ஒரு பாதித் தேங்காயைக்கூடத் திருவி முடிக்க இயலவில்லை. அதன் பிறகே வாத நோய்க் கிளினிக்குக்குப் போனோம். அதற்குள் வலக்கை நடுவிரலின் மொழி, அதாவது விரல் மூட்டு, ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

வீட்டில் ஒருவருக்கு முடக்குவாதம் இருக்கிறது, அல்லது அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ இருந்தது, இப்போது தமக்கும் கை வலிக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விற்றமின் டி குறைந்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வேலை கிளினிக்குக்குப் போவதற்குப் பதிலாக அமைந்துவிடக்கூடாது. அதனால்தான் கீழே உள்ளவற்றை இந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

முதலில் நோயை இனங்காணுங்கள்

முடக்குவாதம் என்பது, உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் சொந்த மூட்டுகளின் உட்புற மென்சவ்வையே பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது. வயது போய் எலும்பு தேய்வதால் வரும் வலியும் இதுவும் வேறு வேறு. உலகெங்கும் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இந்நோய் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

வீட்டிலேயே கவனிக்கத்தக்க அடையாளங்கள் சில உண்டு. விரல்கள் கையோடு சேரும் மொழிகளும், விரலின் நடு மொழிகளும், மணிக்கட்டும், கால்விரல்களின் அடியும் வீங்கும். பெரும்பாலும் இரு பக்கமும் ஒருசேர வீங்கும். நகத்துக்கு அருகிலுள்ள கடைசி மொழி பொதுவாகத் தப்பிவிடும். அந்தக் கடைசி மொழி மட்டும் கட்டியாகப் புடைத்திருந்தால் அது தேய்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒருவர் கை குலுக்குவதுபோல விரல் மொழிகளைக் குறுக்காக மெல்ல அழுத்தும்போது கண்ணில் நீர் வருமளவுக்கு வலித்தால், அதைச் சாதாரண உளைவு என்று தள்ளிவிட வேண்டாம்.

எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசுவது காலை நேரத்து இறுக்கம். தேய்வு வலிக்காரர் எழுந்து கொஞ்சம் நடமாடினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இலகுவாகிவிடுவார். முடக்குவாதக்காரருக்கு அரை மணி, ஒரு மணி, சில நாட்களில் அதற்கும் மேலாகும். இதை மனக்கணக்கில் வைத்திருக்காமல் எழுதி வையுங்கள். நாங்கள் செய்த முறை எளிமையானது. அம்மா கண்விழித்த நேரத்தைக் குறித்தோம். பிறகு சீனிப் போத்தலின் மூடியை அவர் தானே திறக்க முடிந்த நேரத்தைக் குறித்தோம். ஒரு நாள் 5.10, 6.35. மறுநாள் 5.15, 6.50. இரண்டு வாரத்துக் கணக்கோடு போனபோது வைத்தியர் வேறு எதைக் கேட்பதற்கும் முன்னர் அந்தத் தாளைத்தான் நிதானமாக வாசித்தார்.

இங்கே குழப்பக்கூடியவை இரண்டு. ஒன்று சிக்குன்குனியா. 2006 இல் இலங்கையில் அது பரவியபோது பலருக்குக் காய்ச்சல் போன பின்னரும் மாதக்கணக்கில் கை, கால் மொழிகள் வீங்கியிருந்தன. முடக்குவாதத்தைப் போலவே தோன்றும். அதனால் அண்மையில் காய்ச்சல் வந்ததா என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மற்றொன்று விற்றமின் டியின் கடும் குறைபாடே. அதில் எலும்பு நோகும், தொடையும் இடுப்பும் பலமிழக்கும், இருக்கையிலிருந்து எழுவதும் படியேறுவதும் சிரமமாகும். ஆனால் அது மொழிகளைப் பொம்மென்று வீங்கச் செய்யாது. வலி மட்டும் இருந்தால் விற்றமினைச் சந்தேகிக்கலாம். வீக்கம் இருந்தால் கிளினிக்கே வழி. இந்த ஒரு வித்தியாசம் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் எட்டு மாதம் வீணாகியிருக்காது.

வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்கக் காரணமில்லை. நோய் தொடங்கி முதல் மூன்று மாதத்துக்குள் உரிய மருந்து ஆரம்பிக்கப்பட்டால் மூட்டு சிதையாமல் காக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி வாத நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். வெருகல், புல்மோட்டை போன்ற தூர இடங்களிலிருந்து வருபவர்கள் அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே கடிதம் வாங்கிக்கொண்டால் ஒரு பயணம் மிச்சமாகும்.

அங்கே எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளில் ஆர்.எஃப். எனப்படும் வாதக் காரணி சுகமாயிருக்கும் முதியவர்களிலும் வேறு தொற்றுக்கள் உள்ளவர்களிலும் நேர்மறையாக வரக்கூடும். நோயுள்ள சிலரில் வராமலும் போகும். அன்ரி சி.சி.பி. என்பது அதைவிட நம்பகமானது. அது நேர்மறையாக இருந்தால் முடக்குவாதமாக இருக்கும் வாய்ப்பு மிகவும் உயர்வு. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சி எவ்வளவு என்பதைக் காட்டுமே தவிர, எந்த நோய் என்பதைக் காட்டா. ஆர்.எஃப். எதிர்மறை என்று ஒரு துண்டைக் காட்டி உங்களுக்கு வாதம் இல்லை என்று எவரும் சொன்னால், அத்தோடு திருப்தியடைந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

குடும்ப மரத்தை வரையுங்கள்

ஒரு தாளில் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் மூன்று தலைமுறைக்கு வரைந்து, யாருக்குக் கை முடங்கியிருந்தது, எத்தனை வயதில் தொடங்கியது, யார் புகைபிடித்தார் என்பவற்றை எழுதுங்கள். தைரொயிட் நோய், வெண்குட்டம், சிறுவயதுச் சர்க்கரை நோய் போன்றவையும் தன் உடலைத் தானே தாக்கும் தன்னெதிர்ப்பு வகையைச் சேர்ந்தவையாதலால் அவற்றையும் சேருங்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்யும்போதுதான், அம்மம்மாவின் தங்கைக்குக் கை "கொக்குப் போல" வளைந்திருந்தது என்ற பேச்சு முதன்முறையாக வெளியே வந்தது. கலியாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று அதை நாற்பது வருடம் மூடி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விடயத்தை மறைத்ததால் காப்பாற்றப்பட்டவர் எவருமில்லை.

அந்த அச்சம் எவ்வளவு மிகையானது என்பதற்கு இரட்டையர் ஆய்வுகளே சாட்சி. ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணுக்கள் முழுவதும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால் மற்றவருக்கும் அது வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 15 தடவை மட்டுமே. தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஆபத்து என்பது உண்மைதான்; ஆனால் நூற்றுக்கு ஒன்றின் மூன்று மடங்கு நூற்றுக்கு மூன்றுதான். வரும் மருமகளின் தாய்க்கு வாதம் என்பதற்காக ஒரு சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது கணக்குத் தெரியாமல் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

மரபணுக்களில் மிகப் பெரிய பங்கு வகிப்பது ஆறாவது நிறமூர்த்தத்திலுள்ள எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 என்பது. நோயெதிர்ப்புக் கலங்கள் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் தட்டு ஒன்றை இது உருவாக்குகிறது. அந்தத் தட்டின் 70 முதல் 74 வரையான அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை 1987 இல் பீற்றர் கிரெகர்சனும் அவரோடு பணியாற்றியவர்களும் முன்வைத்தார்கள். 2014 அளவில் இந்நோயோடு தொடர்புடைய மரபணு இடங்கள் நூறைத் தாண்டிவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறிய பங்கையே செலுத்துகின்றன.

இத்தனை இடங்கள் இருப்பதால்தான், பணம் கட்டி மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். அது நோய் உண்டென்றோ இல்லையென்றோ தீர்த்துச் சொல்லாது, சிகிச்சையையும் மாற்றாது. எச்.எல்.ஏ. பி27 என்ற பரிசோதனை முள்ளந்தண்டைத் தாக்கும் வேறொரு வாதத்துக்கு உரியது. முடக்குவாதத்துக்கு அதைச் செய்து பயனில்லை. அந்தப் பணத்தில் நல்ல மீன் வாங்கலாம்.

மரபணுவைப் பற்றித் தெரிந்துகொண்டு உண்மையில் செய்யத்தக்க ஒரே பெரிய காரியம் புகையை விடுவது. மேற்சொன்ன மரபணு அமைப்பும் புகைப்பழக்கமும் ஒருவரிடம் சேரும்போது ஆபத்து கூட்டலாக அன்றிப் பெருக்கலாக ஏறுகிறது. புகை நுரையீரலில் உள்ள புரதங்களைச் சிறிது உருமாற்றுகிறது. அந்தத் தட்டு உருமாறிய புரதத்தை இறுகப் பற்றிக் காட்டுகிறது. உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. அன்ரி சி.சி.பி. பரிசோதனையில் நாம் காண்பது அந்த எதிரியையே. கடற்கரைப் பக்கத்தில் பீடியும் சுருட்டும் சாதாரணம். வாதக்காரத் தாயின் மகன் ஒருவன் செய்யக்கூடிய மிகச் சிறந்த காப்பு, எந்த விற்றமினையும்விட, அந்தப் பீடிக்கட்டை வாங்காமல் விடுவதே.

விற்றமின் டி இதில் எங்கே வருகிறது

பெயர் விற்றமின் என்றாலும் இது ஓமோனைப் போல நடந்துகொள்ளும் பொருள். தோலிலுள்ள கொலஸ்திரோல் வகைப் பொருளொன்று சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர்பட்டு விற்றமின் டி ஆகிறது; ஈரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் பெற்றுச் செயலுள்ள வடிவத்தை அடைகிறது. நோயெதிர்ப்புக் கலங்களிலும் இதைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பி இருக்கிறது. அந்தக் கலங்கள் சில தாமாகவே இதைச் செயலுள்ள வடிவத்துக்கு மாற்றவும் வல்லவை. 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஏற்பி மனித மரபணுத் தொகுதியில் 2,776 இடங்களில் ஒட்டுவதைக் கண்டது. தன்னெதிர்ப்பு நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களுக்கு அருகில் அந்த இடங்கள் செறிந்திருந்தன. மரபணுவும் வெயிலும் சந்திக்கும் இடம் அதுவே.

ஆனால் தொடர்பு இருப்பது ஒன்று, காரணமாயிருப்பது இன்னொன்று. முடக்குவாதக்காரர்களிடம் விற்றமின் டி குறைவாக இருப்பது பல நாடுகளிலும் காணப்பட்டுள்ளது. ஆயினும் நோயுள்ளவர் வெளியே போவது குறையும். அழற்சியே இரத்தத்தில் இந்த அளவை இறக்கவும் கூடும். இதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் ஓர் அழகான வழியைக் கையாண்டார்கள். பிறப்பிலேயே விற்றமின் டி சற்றுக் குறைவாக இருக்கும்படியான மரபணு வடிவங்கள் உண்டு: தோலில் மூலப்பொருளைத் தீர்மானிப்பது, ஈரலில் மாற்றுவது, இரத்தத்தில் காவிச்செல்லும் புரதத்தை ஆக்குவது எனச் சில. குறைவே காரணமாயின், அந்த வடிவங்களோடு பிறந்தவர்களுக்கு முடக்குவாதம் கூடுதலாக வந்திருக்க வேண்டும். அவ்வாறு தெளிவாகக் காணப்படவில்லை.

மறுபக்கத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான வைற்றல் ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 அலகு (குளிசை உறையில் ஐ.யூ. என்றிருப்பது) விற்றமின் டியை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் அனைத்தும் சேர்ந்து 22 வீதம் குறைவாக வந்தன. முடக்குவாதம் என்று தனியே பிரித்தால் நோயாளர் தொகை மிகவும் சிறியது. அதை வைத்து உறுதியாகப் பேச முடியாது. குளிசையை நிறுத்தி இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாதுகாப்பு மங்கியது என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே வந்துவிட்ட நோயை விற்றமின் டி மாற்றும் என்று எவரும் உறுதி தர முடியாது. குறைபாட்டை நீக்குவதற்கு எலும்பே போதுமான காரணம்: முடக்குவாதம் எலும்பை மெலிவிக்கிறது, அதற்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் மருந்து இன்னும் மெலிவிக்கிறது.

அளப்பது எப்படி

கேட்க வேண்டிய பரிசோதனை 25 ஐதரொக்சி விற்றமின் டி. வெறும் வயிறு தேவையில்லை. எல்லோருக்கும் இது தேவையுமில்லை. முடக்குவாதம் உள்ளவர், பிரெட்னிசொலோன் எடுப்பவர், வெளியே அதிகம் போகாத முதியவர், உடல் முழுதும் மூடி உடுத்துபவர், எலும்பு நோவுள்ளவர் ஆகியோர் செய்துகொள்ளலாம்.

முடிவுத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணையல்ல, அலகை. சில ஆய்வுகூடங்கள் மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்றும், சில லீற்றருக்கு நனோமோல் என்றும் தருகின்றன. நனோமோலை 2.5 ஆல் வகுத்தால் நனோகிராம் கிடைக்கும். என் சின்னம்மா ஒருவர் தன் தாளில் 40 என்று கண்டு நிம்மதியடைந்திருந்தார், அது நனோமோல். அதாவது 16 நனோகிராம், குறைபாடுதான். 20 நனோகிராம் இருந்தால் பெரும்பாலானோரின் எலும்புக்குப் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சில வைத்தியர்கள் 30 ஐ இலக்காக வைப்பார்கள். 60, 80 என்று ஏற்றுவதால் கூடுதல் நன்மை கிடைப்பதாக எவரும் நிறுவவில்லை.

வெயிலில் நிற்பது எப்படி

இளவெயில்தான் நல்லது என்று காலை ஆறரை மணிக்கு முற்றத்தில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் சூரியன் தாழ்ந்திருப்பதால் புற ஊதா பி கதிர் வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. இதை அறிய மணிக்கூடு தேவையில்லை, உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் தோலில் விற்றமின் டி நன்றாக உண்டாகும். திருகோணமலையில் அது ஏறத்தாழ காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் பின்னரும் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரும். நமது ஊர் வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருப்பதால், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஆவணியின் நடுப்பகுதியிலும் நண்பகல் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். மார்கழியில்கூட நண்பகலில் நிழல் நம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. குளிர்நாட்டவரைப் போல மாதக்கணக்கில் கதிரில்லாத காலம் நமக்கில்லை. வாடைக் காலத்து முகிலும் தொடர் மழையும் மட்டுமே இடையூறு.

நமது தோலின் நிறம் வெயிலின் தாக்கத்திலிருந்து காக்கிறது. அதே காரணத்தால் விற்றமின் டி உண்டாக வெள்ளைத் தோலாரைவிடக் கூடுதலான நேரம் வேண்டும். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில், முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் வெயில் படும்படி இருபது முப்பது நிமிடம் நிற்பது நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கணிப்பு. தோல் எரியும்வரை நிற்க வேண்டாம். தலைக்குத் தொப்பியோ முந்தானையோ இருக்கட்டும். முகத்தில் வெயில் பட வேண்டிய அவசியமில்லை. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் சூடு வரும், கதிர் வராது.

பெண்கள் வெளியே கைகால் தெரிய நிற்பதில் உள்ள தயக்கம் நியாயமானது. கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் சகோதரிகளுக்கும், நமது வீட்டு முதிய பெண்களுக்கும் பொருந்தும் இடம் கிணற்றடி. மதிலோ கிடுகு வேலியோ சுற்றி மறைத்த கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக் காயவிடும் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு நாங்கள் செய்த ஒரே மாற்றம் அதுதான். முன்பு அவர் ஐந்தரைக்கே தோய்த்து முடித்துவிடுவார். விரல் இறுக்கத்தோடு பிழிவதும் கடினமாக இருந்தது. பத்து மணிக்கு விரலும் இளகியிருக்கும், வெயிலும் இருக்கும்.

வாத மருந்துகளில் சில தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். மெதோட்ரெக்சேற், சல்பசலசீன் எடுப்பவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். தடிப்போ சிவப்போ வந்தால் வெயிலை விட்டு உணவையும் குளிசையையும் நம்புங்கள். முகத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்புப் படர்ந்தால் அது வேறு நோயாகவும் இருக்கக்கூடும், வைத்தியரிடம் காட்டுங்கள்.

உணவு

மீன் விடயத்தில் திருகோணமலை கொடுத்து வைத்த ஊர். விற்றமின் டி கொழுப்பில் கரைவது. ஆகவே கொழுப்புள்ள மீன்களே உதவும். சூடை, சாளை, கும்பளா, சூரை ஆகியவை விலை கூடிய வெள்ளைச் சதை மீன்களைவிட இதில் மேலானவை. பொரிக்கும்போது கொழுப்போடு ஒரு பகுதி எண்ணெய்க்குள் போய்விடுவதால் குழம்பாகவோ சொதியாகவோ வைப்பது நல்லது. நெத்தலியை முள்ளோடு உண்டால் கல்சியமும் சேரும். ஒரு முட்டையில், அதன் மஞ்சட்கருவில், ஏறத்தாழ 40 அலகு இருக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600, எழுபதைத் தாண்டியவருக்கு 800 அலகு தேவை என்பதை வைத்துப் பார்த்தால் முட்டையால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்பது விளங்கும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் விற்றமின் டி சேர்க்கப்பட்ட பால்மாவைத் தேட வேண்டும். பெட்டியின் பக்கத்தில் மைக்குரோகிராம் கணக்கில் எழுதியிருப்பார்கள், ஒரு மைக்குரோகிராம் 40 அலகு. மீனெண்ணெய்க் குளிசையும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. முன்னதில் ஒமேகா 3 உண்டு, விற்றமின் டி அநேகமாக இல்லை. பின்னதில் விற்றமின் டியோடு விற்றமின் ஏயும் சேர்ந்திருப்பதால் கரண்டி கரண்டியாகக் குடிக்கக்கூடாது.

குளிசை

குறைபாடு உறுதியானால் வைத்தியர் வழக்கமாக வாரத்துக்கு 50,000 அலகு வீதம் எட்டு வாரம் கொடுத்து, பின்னர் நாளாந்தச் சிறு அளவுக்கு மாற்றுவார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். வைத்தியர் கண்காணிப்பின்றி நாளொன்றுக்கு 4,000 அலகைத் தாண்டக்கூடாது. வருடத்துக்கு ஒரே ஊசியாகப் போட்டுவிட்டால் தொல்லையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அவுஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 500,000 அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. அதில் விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்குப் பதிலாகக் கூடின. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, தாகம், குமட்டல், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் எனத் தொடரும். சிறுநீரக நோய் மிகுந்த வறண்ட வலயத்தில் வாழும் நாம், சிறுநீரகக் குறைபாடு உள்ளவருக்கு எந்த விற்றமின் டியையும் பாமசியில் நேரே வாங்கிக் கொடுக்கலாகாது. சில வீடுகளில் அல்பாகல்சிடோல் என்ற குளிசை இருக்கும். அது பெரும்பாலும் சிறுநீரக நோயாளருக்குரிய வடிவம். சாதாரணக் குறைபாட்டை நிரப்பாது, 25 ஐதரொக்சி அளவையும் ஏற்றாது.

இனிச் சொல்வதை மெதோட்ரெக்சேற் எடுக்கும் எல்லா வீட்டாரும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். மெதோட்ரெக்சேற் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்கும் மருந்து. தவறுதலாக நாள்தோறும் எடுத்தால் வாயில் புண் வரும், வெண்குருதிக் கலங்கள் வீழும், உயிரே போகும். அதனோடு போலிக் அமிலக் குளிசையும் வாரத்துக்கொரு விற்றமின் டியும் சேரும்போது, மூன்று உறைகளில் எது நாளாந்தம், எது வாராந்தம் என்பதில் குழப்பம் வருவது மிக எளிது. மெதோட்ரெக்சேற் 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என இரு வலிமைகளில் வருவதால் உறை மாறும்போதெல்லாம் எண்ணை ஒப்பிட வேண்டும். நாங்கள் வெள்ளிக்கிழமைக்கு மெதோட்ரெக்சேற், திங்கட்கிழமைக்கு விற்றமின் டி என்று நாட்களைப் பிரித்தோம். மெதோட்ரெக்சேற் உறையில் சிவப்பு மையால் "வெள்ளி மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, அதைத் தனி டப்பாவில், அம்மாவின் கைக்கு எட்டாத அலுமாரித் தட்டில் வைத்தோம். எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு மட்டும். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் மெதோட்ரெக்சேற்றை மாதக்கணக்கில் முன்னரே நிறுத்த வேண்டும். அதை வைத்தியரோடு பேசியே செய்யுங்கள்.

வாதத்துக்கு எண்ணெய் பூசுவதிலும் கன்னியா வெந்நீரூற்றில் குளிப்பதிலும் குற்றம் காண நான் விரும்பவில்லை. சூடு இறுக்கத்தை இளக்கும். பெயரோ உள்ளடக்கமோ எழுதாத பொடியையும் குளிசையையும் மட்டும் வாங்காதீர்கள். மூன்றே நாளில் வலி மாயமானால் அதற்குள் ஸ்ரெரொயிட் கலந்திருக்கவே வாய்ப்பு.

திரும்பவும் அளப்பது

விற்றமின் டியின் அளவு மெதுவாகவே ஏறும். மூன்று மாதத்துக்கு முன்னர் மறுபடியும் சோதிப்பது பண விரயம். மூன்று மாதம் கழித்து 20 ஐத் தாண்டியிருந்தால் வாராந்தக் குளிசையை நிறுத்தி நாளாந்த அளவுக்கு இறங்குவதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஏறவே இல்லையென்றால் குளிசை ஒழுங்காக எடுக்கப்பட்டதா, உடற்பருமன் கூடியவரா, குடலில் உறிஞ்சுதல் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். திகதி, காலை இறுக்கத்தின் நிமிடங்கள், வீங்கிய மொழிகளின் எண்ணிக்கை, சி.ஆர்.பி., விற்றமின் டி என ஐந்து நிரல்கள் போதும். அம்மாவின் கொப்பியில் விற்றமின் டி நிரல் 11 இலிருந்து 34 ஆன எட்டு மாதத்தில் நிமிட நிரல் 85 இலிருந்து அசையவே இல்லை. மெதோட்ரெக்சேற் தொடங்கிய பதினான்காவது வாரத்தில் அங்கே 20 என்று எழுதினேன். அந்த வாரம் அவர் அரைத் தேங்காயை இடையில் நிறுத்தாமல் திருவினார்.